மார்க்கமும் மஃனாவும்: இமாம் கஸ்ஸாலியின் 'அல்முன்கித்'தை முன்வைத்துச் சில குறிப்புகள்

எங்கட பகுதியில் ஒரு பேச்சாளர் மேடை ஏறினால் கட்டாயம் வந்து சேரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. மார்க்கம்தான் மனித வாழ்க்கைக்கு அர்த்தத்தையும் நோக்கத்தையும் கொடுக்கிறது என்பதே அது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும் கேட்டிருக்கிறேன், நிக்காஹ் மஜ்லிஸிலும் கேட்டிருக்கிறேன், மையித்து வீட்டிலும் கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. ஏறக்குறைய பன்னிரண்டு வருடங்கள் நானே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். படிப்பித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பயான். கல்முனைக் கரையில் எனது குரல் ஒலிக்காத ஒலிபெருக்கி குறைவு என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள்.

அந்த வாக்கியம் பொய் என்று நான் இங்கு எழுத வரவில்லை. அதை நாம் சொல்லும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது என்றும், அந்தக் கோளாறை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் தன் உடம்பில் அனுபவித்து எழுதி வைத்திருக்கிறார் என்றும், அந்த நூலை நாம் பெரும்பாலும் தவறாகவே எடுத்துச் சொல்லி வருகிறோம் என்றும்தான் சொல்ல வருகிறேன். நூல், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்முன்கித் மினள் ளலால்'.

அதற்குள் போக முன், மேடையில் இந்த வாக்கியத்துக்கு அடுத்ததாக வரும் ஆதாரத்தையும் பார்த்துவிட வேண்டும். மேற்கத்திய நாடுகளில் காசு இருக்கிறது, வசதி இருக்கிறது, மார்க்கம் இல்லை, அதனால் தற்கொலை செய்கிறார்கள் என்பது அந்த ஆதாரம். நானும் சொல்லியிருக்கிறேன். சபை தலையாட்டும். ஆனால் 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்திருந்த நாடுகளில் ஒன்று எது? நமது இலங்கை. சந்திக்குச் சந்தி விகாரையும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நிற்கிற, மார்க்கம் முக்கியமில்லை என்று சொல்ல ஆளைத் தேடவேண்டிய நாடு இது. அடுத்த பத்து வருடங்களில் அந்த வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மக்களுக்குத் திடீரென்று வாழ்க்கையின் நோக்கம் விளங்கிவிட்டதாலல்ல; மிக நச்சுத்தன்மையான பீடைநாசினிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டதே அதற்குப் பிரதான காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் மரணக் கணக்கை வைத்து ஒரு மார்க்கத்தின் உண்மையை நிறுவப் போனால் இப்படித்தான் சொந்த வளவுக்குள்ளேயே தடுக்கி விழவேண்டி வரும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இல் இதே விடயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கத்தோலிக்கரை விட புரட்டஸ்தாந்தினரிடையே தற்கொலை கூடுதலாக இருப்பதை எடுத்துக்கொண்டு அவர் வந்த முடிவு, கொள்கை காரணமல்ல, பிணைப்பே காரணம் என்பது. ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்திருக்கும் சமூகத்தில் மனிதன் எளிதில் கைநழுவிப் போவதில்லை. அவருடைய புள்ளிவிபரங்களைப் பின்வந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அது ஒருபுறமிருக்க, ஒரு முஃமினுக்கு இந்த விளக்கம் திருப்தி தராது, தரவும் கூடாது என்பது என் எண்ணம். பிணைப்புத்தான் எல்லாம் என்றால் ஒரு நல்ல விளையாட்டுக் கழகமும் அதைத் தரும். தொழுகையை உதைபந்தாட்டக் கழகத்தோடு சேர்த்து எண்ணுவதற்கு நாம் யாரும் ஒப்பமாட்டோம். ஆனால் மேடையில் மார்க்கத்தின் 'பயன்'களை அடுக்கும்போது நாமே அறியாமல் துர்கைமின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பயன் தருகிறது, ஆகவே பின்பற்றுங்கள் என்கிறோம். மருந்துக் கடைக்காரனின் பேச்சு இது.

இனி கஸ்ஸாலிக்கு வருகிறேன்.

நமது பயான்களில் அவரது கதை இப்படித்தான் வரும். பெரிய அறிஞர், தத்துவம் படித்தார், சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார், ஸூபித்துவத்தில் அமைதி கண்டார், திரும்பி வந்தார். ஒரே நோய், ஒரே மருந்து. நூலை எடுத்துப் பார்த்தால் அங்கே நெருக்கடி இரண்டு. இரண்டும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றை ஒன்றாக்கிவிடுவதால் நாம் இழப்பது சிறிதல்ல.

முதலாவது, அறிவின் நெருக்கடி. கண் பார்க்கும் நிழல் அசையாமல் நிற்கிறது, ஆனால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் அளவுதான் தெரிகிறது, கணக்குப் பார்த்தால் பூமியை விடப் பெரிது. புலன் பொய் சொல்கிறது என்பதைப் புத்தி காட்டிக்கொடுத்தது. அப்படியானால் புத்தி சொல்லும் பொய்யைக் காட்டிக்கொடுக்கப் புத்திக்கு மேலே இன்னொன்று இல்லையென்று எப்படிச் சொல்வது? கனவில் இருப்பவனுக்குக் கனவு நிஜம்தானே. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இந்த நிலையில் கிடந்ததாக எழுதுகிறார். வாயால் சொல்லவில்லை, ஆனால் நிலையால் தான் ஒரு சந்தேகவாதியாகவே இருந்ததாக ஒத்துக்கொள்கிறார். அதிலிருந்து தன்னை மீட்டது எந்த வாதமும் அல்ல, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளி என்கிறார். விமர்சகனாக இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஒளியைப் பரிசோதிக்க முடியாது. அவரும் அதை வாதமாக முன்வைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நகரலாம்.

இரண்டாவது நெருக்கடி ஹிஜ்ரி 488 ரஜபில், அதாவது 1095 ஜூலையில். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயதளவில். பக்தாத் நிழாமிய்யாவில் நான்கு வருடங்களாகப் பேராசிரியர். முந்நூறு மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்கிறார்கள். கலீபாவின் அவையிலும் ஸல்ஜூக்கியரின் அவையிலும் மதிப்பு. இங்கேதான் நாம் கவனமாக வாசிக்க வேண்டும். இந்த நேரத்தில் அவருக்கு ஈமானில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. அல்லாஹ்வின் மீதும் நுபுவ்வத்தின் மீதும் மறுமை நாளின் மீதும் தனக்கு உறுதியான நம்பிக்கை வேரூன்றியிருந்தது என்று அவரே தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். மார்க்கம் இருந்தது. மார்க்க அறிவு அவரை விட யாருக்கும் இருக்கவில்லை. மார்க்கமே தொழில். ஆனாலும் அவர் நின்றுகொண்டிருந்தது, அவர் வார்த்தையிலேயே சொல்வதானால், இடிந்து விழப்போகும் ஒரு கரையின் விளிம்பில்.

காரணம், தன் நிய்யத்தைத் திரும்பிப் பார்த்தார். தான் படிப்பிப்பது அல்லாஹ்வுக்காக இல்லை, பெயருக்காகவும் பதவிக்காகவும் என்று கண்டார். ஆறு மாதங்களளவில் இழுபறி. காலையில் போய்விடலாம் என்று முடிவு, மாலையில் மனம் மாறும். கடைசியில் நாக்குக் கட்டிக்கொண்டது. மாணவர்களைத் திருப்திப்படுத்த ஒரு நாளாவது பாடம் நடத்தலாம் என்று முயன்றும் ஒரு சொல் வரவில்லை. கஞ்சித் தண்ணி கூட இறங்கவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்து, இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்கு வந்த நோய், எங்களால் ஆகாது என்று கைவிட்டார்கள்.

மார்க்கம் மனிதருக்கு நோக்கம் தருகிறதா என்ற கேள்வியை இந்தப் பக்கங்களின் முன் வைத்துப் பாருங்கள். கேள்வியின் வடிவமே ஆட்டம் காண்கிறது. இமாமவர்களுக்கு இல்லாமற்போனது மார்க்கமல்ல. மார்க்கத்தைக் கொண்டு அவர் வேறொரு நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தார் என்பதுதான் பிரச்சினை. மார்க்கம் அவருக்கு நிறையவே 'கொடுத்தது': கௌரவம், வருமானம், சபை, ஒரு நாளைத் தொடங்கிவைக்கும் வேலை. அவ்வளவையும் இன்றைய மொழியில் வாழ்க்கையின் அர்த்தம் என்றுதான் சொல்வார்கள். அதுதான் அவரது தொண்டையை அடைத்தது.

சில ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்பதில்லை. அவரை ஆதரித்த வஸீர் நிழாமுல் முல்க் 1092இல் கொலைசெய்யப்பட்டார். பாத்தினிய்யாக்களுக்கு எதிராக எழுதியவர் கஸ்ஸாலி. பக்தாதில் அரசியல் கலங்கிக் கிடந்தது. உயிர்ப்பயம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். மக்காவுக்குப் போகிறேன் என்று வெளியே சொல்லிவிட்டு ஷாமுக்குப் போனதாக அவரே எழுதுகிறார். முன்கித் நடந்து பல வருடங்களின் பின், தன் தரப்பை நிறுவ வேண்டிய ஒருவர் எழுதிய நூல் என்பதையும் மறக்கக் கூடாது. கதை ஒழுங்காக இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் பயத்தில் ஊரை விட்டு ஓடும் ஒருவன், நான் அல்லாஹ்வுக்காகப் படிப்பிக்கவில்லை என்று தனக்கெதிராகவே சாட்சி எழுதத் தேவையில்லை. அந்த ஒரு ஒப்புதல்தான் என்னை நம்பவைக்கிறது.

இதை நான் 2004க்கு முன்பும் வாசித்திருந்தேன். மேற்கோள் காட்டியும் இருக்கிறேன். ஆனால் விளங்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் 30,000 பேருக்கு மேல், எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 10,000 பேர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க வீடிருந்த இடத்தில் மணல். அந்த நாட்களில் என்ன நடந்தது என்று இந்தச் சஞ்சிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அகதிகள் தங்கியிருந்த ஒரு பாடசாலையில், மஃரிபுக்குப் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். சோதனை என்றேன், தண்டனை என்றேன், படிப்பினை என்றேன். மார்க்கம் இல்லாதவனுக்கு இது வெறும் தண்ணி, நமக்கு இதில் அர்த்தம் இருக்கிறது என்றேன். நன்றாகப் பேசினேன் என்பதுதான் இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்றும் மறக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் பின்னால் இருந்து ஒருவர் எழும்பி வந்தார். எனக்கு மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான்கு கைத்தறிகளை வைத்துச் சாரன் நெய்து பிழைத்தவர். தறிகள் போய்விட்டன. இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

"தம்பி, நீங்க சொன்னதெல்லாம் சரி. நான் மறுக்கல்ல. என்ட ரெண்டு புள்ளையும் ஆர்ர படிப்பினைக்காக எண்டு மட்டும் சொல்லுங்க."

கோபமாகக் கேட்கவில்லை. பாடம் விளங்காத பிள்ளை ஆசிரியரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் சபூர் செய்யுங்க காக்கா என்றேன். வேறென்ன சொல்ல? அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை இன்னோரிடத்தில் பேச ஏறினேன். ஹம்து ஸலவாத்துச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டேன். இமாமவர்களுக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிடும் துணிச்சல் எனக்கில்லை. அவர் நாக்கு எதற்காகக் கட்டியது என்பது அன்று முதற்தடவையாக விளங்கியது, அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. களுத்துறைக் கரையில் கடல் பின்வாங்கியபோது செய்மதியில் எடுத்த ஒரு படம் கைக்குக் கை போனது. நுரை வளைவில் 'அல்லாஹ்' என்ற எழுத்துத் தெரிகிறது என்றார்கள். பிரதி எடுத்து விற்கவும் செய்தார்கள். பார்த்தால் தெரிவது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ஆறுதலடைந்தவர்கள் பெரும்பாலும் கடலில் எதையும் இழக்காதவர்கள் என்பதை நான் கவனித்தேன். இழந்தவர்களுக்கு ஆறுதலாக இருந்தது வேறு. தண்ணீரில் மூழ்கி மௌத்தானவர் ஷஹீத் என்ற ஹதீஸ். குளிப்பாட்ட ஆளில்லாத மையித்துகளைக் குளிப்பாட்டி, கபனுக்குப் புடைவை தேடி, ஒரே குழியில் பலரை அடக்கினாலும் ஒவ்வொருவருக்கும் முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பிவிட்ட கைகள். அவர்களில் ஒருவரும் அர்த்தத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அலை மேல் எழுத்துத் தேடியவர்கள்தான் கதைத்தார்கள்.

இந்த இடத்தில் டால்ஸ்டாயையும் துணைக்கழைக்க வேண்டியிருக்கிறது. அவரது 'ஒப்புதல் வாக்குமூலம்' கஸ்ஸாலியின் நூலோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படுவது. 1882இல் ரஷ்யத் தணிக்கையாளர்கள் அதைத் தடுத்தார்கள், 1884இல் ஜெனீவாவில் வெளிவந்தது. (அதே 1882இல்தான் நமது சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். சம்பந்தம் ஒன்றுமில்லை, ஞாபகத்துக்கு வந்தது.) ஐம்பது வயதில், புகழும் நிலபுலனும் நல்ல குடும்பமும் இருக்க, டால்ஸ்டாய்க்கு எல்லாமே வெறுமையாகிவிட்டது. தன்னைத் தானே நம்பித் தனியே இருக்க அஞ்சும் அளவுக்குப் போனார். அந்த நிலையைச் சொல்ல அவர் எடுப்பது கிழக்கத்தியக் கதையொன்று. மிருகத்துக்குப் பயந்து கிணற்றில் குதித்தவன் நடுவில் ஒரு செடியைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே பாம்பு வாய் திறந்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு எலிகள் செடியின் தண்டைக் கொறிக்கின்றன. அவன் இலையில் ஒட்டியிருக்கும் தேன் துளியை நக்குகிறான். நம்மவர்களுக்கு இது புதிய கதையல்ல. இப்னுல் முகஃப்பஃவின் 'கலீலா வ திம்னா'விலேயே இதன் ஒரு வடிவம் இருக்கிறது.

படித்தவர்களிடம் விடை கிடைக்காமல் அவர் குடியானவர்களைப் பார்க்கிறார். அவர்கள் உழைக்கிறார்கள், கஷ்டப்படுகிறார்கள், அமைதியாகச் சாகிறார்கள். அவர்களிடம் நம்பிக்கை இருக்கிறது. நம்பிக்கையில்லாமல் வாழ முடியாது, நான் வாழவேண்டும், ஆகவே நம்ப வேண்டும். இந்தத் தர்க்கத்தோடு தேவாலயத்துக்குப் போகிறார், நோன்பு பிடிக்கிறார், சடங்குகளில் நிற்கிறார். ஆனால் அப்பமும் திராட்சை ரசமும் உண்மையான சதையும் இரத்தமும் என்று ஏற்றுச் சொல்லவேண்டிய இடம் வந்ததும் நெஞ்சு வலிக்கிறது. மற்றப் பிரிவினரைத் திருச்சபை வெறுப்பதையும் போரில் கொல்வதை ஆசீர்வதிப்பதையும் அவரால் விழுங்க முடியவில்லை. நூல் முடியாமலே முடிகிறது. 1901இல் திருச்சபை அவரை விலக்கியது.

டால்ஸ்டாயின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவரது பாதையில் ஒரு வழு இருக்கிறது. தேவைப்படுகிறது என்பதற்காக ஒன்றை நம்பப் போனார். தாகம் இருக்கிறது என்பது தண்ணீர் இருக்கிறது என்பதற்கு ஒரு சாடையாக இருக்கலாம், ஆனால் கையில் இருக்கும் கோப்பையில் இருப்பது தண்ணீர்தான் என்று அது காட்டாது. கஸ்ஸாலி இந்தத் தவறைச் செய்யவில்லை. உண்மையா என்ற கேள்வியை முதல் நெருக்கடியில் தனியாகத் தீர்த்துக்கொண்டார். அல்லது தனக்குத் தீர்த்து வைக்கப்பட்டது என்று நம்பினார். வாழ்வதற்கு வேண்டும் என்பதற்காக அல்லாஹ்வை நம்பியதாக அவர் எந்த இடத்திலும் எழுதவில்லை. உண்மை என்று தெரிந்த பிறகும் அந்த உண்மை தன்னை ஆளவில்லையே என்பதுதான் இரண்டாவது நெருக்கடி. ஆரோக்கியத்துக்கு வரைவிலக்கணம் சொல்லத் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று அவர் ஓர் உதாரணம் சொல்வார். சுகமில்லாத வைத்தியனுக்குச் சுகத்தின் வரைவிலக்கணம் தெரியும், சுகம் இருக்காது. மேடையில் ஏறி மார்க்கம் அர்த்தம் தருகிறது என்று சொன்ன காலத்தில் நான் அந்த வைத்தியன்.

குடியானவர்களைப் பற்றி டால்ஸ்டாய் எழுதுவதில் எனக்கு இன்னொரு முறைப்பாடு உண்டு. அவர்களைத் தூரத்தில் நின்று பார்க்கிறார். நாமும் அதையே செய்கிறோம், நமது கிழவிகளை வைத்து. கஸ்ஸாலியின் ஆசிரியர் இமாமுல் ஹரமைன் ஜுவைனி மரணப்படுக்கையில், நிஷாபூர்க் கிழவிகளின் ஈமானில் மௌத்தாகவே விரும்புவதாகச் சொன்னார் என்று ஒரு செய்தி உண்டு. எழுத்தாளர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. கேள்வியில்லாத ஈமான், அமைதியான மனம் என்று நாமே நிரப்பிக்கொள்வோம்.

எனது உம்மும்மாவை எனக்குத் தெரியும். அவவின் மனம் ஒன்றும் அவ்வளவு அமைதியானதல்ல. சண்டைக்காரி. மருமகளோடு கதைக்காமல் ஒரு நோன்பு முழுவதும் இருந்தவ. தஹஜ்ஜுத் தவறாது, புறமும் தவறாது. கொலேஜில் படிக்கும்போது பெரிய ஆளாக ஒருநாள் கேட்டேன், உம்மும்மா, உங்கட வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா.

"வாழ்க்கைக்கு மஃனாவா? என்னா மனெ கதைக்கிறாய்? மஃனா கிதாபுக்கெல்லவா கேக்கிற?"

அன்று சிரித்தேன். பல வருடங்களின் பின்தான் அது நகைச்சுவை அல்ல, மொழி வரலாறு என்று பட்டது. நமது மத்ரஸாக்களிலும் குர்ஆன் பள்ளிக்கூடங்களிலும் மஃனா என்பது ஒரு சொல்லுக்குக் கீழே எழுதப்படும் பொருள். அரபுத் தமிழ்க் கிதாபுகளில் வரிக்கு வரி மஃனா இருக்கும். சொல்லுக்கு மஃனா, ஆயத்துக்கு மஃனா. வாழ்க்கைக்கு மஃனா கேட்கும் பழக்கம் அவவின் தலைமுறைக்கு இருக்கவில்லை. வாழ்க்கை என்ற சொல்லையே அவ பாவித்து நான் கேட்டதில்லை. ஹயாத்து என்பா. அது கொடுக்கப்பட்டது, எண்ணி வைக்கப்பட்டது, ஒருநாள் திருப்பி எடுக்கப்படுவது. ஹயாத்தை வைத்துக் கேட்கக்கூடிய கேள்வி, இதை என்ன நிய்யத்தில் கழிக்கிறாய் என்பது மட்டும்தான். அங்கே கேள்வி கேட்கிறவன் மனிதன் இல்லை. மனிதன் பதில் சொல்லவேண்டியவன்.

வாழ்க்கையின் அர்த்தம் என்ற தொடர் ஐரோப்பாவிலும் பழையதல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓங்கியது. டால்ஸ்டாயும் அந்தக் காலத்தின் ஆள். நமது தஃவா எழுத்துக்கள் அந்தத் தொடரை அப்படியே எடுத்துக்கொண்டு, கேள்வி உங்களுடையது, விடை எங்களிடம் இருக்கிறது என்று வியாபாரத்துக்கு இறங்கிவிட்டன. கேள்வியையே மாற்றியிருக்க வேண்டாமா? மனிதன் வணக்கத்துக்காகவே படைக்கப்பட்டான் என்ற ஆயத்தை இந்தச் சந்தர்ப்பத்தில் எல்லோரும் ஓதுவார்கள். நானும் ஓதினேன். அந்த ஆயத் மனிதனுக்கு எதையும் தருவதாக வாக்களிக்கும் இடமல்ல. அவனிடம் ஒன்று கேட்கப்படும் இடம். கேட்பதைத் தருவதாக மொழிபெயர்த்ததுதான் எங்கள் பிழை என்று நினைக்கிறேன்.

இப்படிச் சொல்வதால் மார்க்கம் மனிதனுக்கு ஒன்றும் தருவதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரையில்லாத பள்ளியில் அந்த ஜும்ஆவுக்குச் சேர்ந்தவர்களை நான் பார்த்தேன். அவர்களை நிற்க வைத்தது எதுவோ அது சும்மா இல்லை. அதைத் தருகிறேன் என்று மைக்கில் சொல்லி எவரும் தரமுடியாது என்பது மட்டும்தான் என் வாதம். முன்கித்தின் கடைசிப் பகுதியில் கஸ்ஸாலி, மக்களின் ஈமான் ஏன் தளர்ந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்ததை எழுதுகிறார். ஒருவன் சொல்கிறான், இது அவசியமாக இருந்தால் ஆலிம்கள் செய்வார்களே, இன்னார் தொழுவதில்லை, இன்னார் குடிக்கிறார், இன்னார் அநாதைகளின் சொத்தைச் சாப்பிடுகிறார் என்று. சுனாமி வீட்டுத்திட்டங்கள் பங்கிடப்பட்ட விதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டதாகத் தோன்றாது.

பதினொரு வருடங்களின் பின், ஹிஜ்ரி 499இல், 1106இல், இமாமவர்கள் நிஷாபூரில் மீண்டும் படிப்பிக்கத் தொடங்கினார்கள். வெளித் தோற்றத்தில் இது திரும்புதல், ஆனால் திரும்புதல் அல்ல என்கிறார். முன்பு பதவியைச் சம்பாதிக்கும் அறிவைச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது பதவியை விடவைக்கும் அறிவைச் சொல்லிக்கொடுக்கிறேன், அதுவே என் நிய்யத், நான் அதை அடைவேனோ இல்லையோ தெரியாது என்ற கருத்தில் எழுதுகிறார். கடைசித் துண்டை நமது பேச்சாளர்கள் விட்டுவிடுவார்கள். அமைதி கண்டார் என்று முடிக்க அது இடைஞ்சல்.

நான் பிறகு மேடை ஏறவில்லை. படிப்பித்தேன், ஓய்வு பெற்றேன். கைத்தறிக் காக்காவும் நானும் நெருங்கினோம். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த ஒரு தறியோடு மறுபடி தொடங்கியிருந்தார். என்ன வாசிக்கிறீங்க தம்பி என்று ஒருநாள் கேட்டார். முன்கித்தின் தமிழாக்கக் குறிப்புகள் எனக்காக எழுதி வைத்திருந்தேன், ஒரு கொப்பி. கொடுத்தேன். நட்சத்திரமும் நிழலும் கனவும் அவருக்கு எதற்கு என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்ததை மறைக்க மாட்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் கொண்டுவந்து தந்தார். எப்படி காக்கா என்றேன்.

"பெரிய மனிசன்" என்றார். பிறகு, "சொத்தெல்லாம் குடுத்திட்டுப் போக்குள்ள புள்ளைகள்ட செலவுக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் போயிருக்கார், என்ன? எழுதியிரிக்கி."

ஓம் என்றேன்.

"ஷாமுல, பைத்துல் முகத்தஸுல எல்லாம் இருந்திட்டு, புள்ளைகள் கூப்பிட்டுத்தான் ஊருக்கு வந்தெண்டும் எழுதியிரிக்கி."

அதை நான் கொப்பியில் எழுதியதே எனக்கு ஞாபகமில்லை. ஓதல் நூலாகவும் தத்துவ நூலாகவும் அத்தனை தடவை வாசித்தும் என் கண் அந்த வரியில் நின்றதில்லை.

"அந்த ரெண்டு இடத்தையும்தான் நான் திருப்பித் திருப்பி வாசிச்சன் தம்பி" என்று சொல்லிவிட்டு, அஸருக்கு நேரமாகிறதென்று எழும்பினார்.